தீர்த்தம் தெளித்த ரேடியோ

எய்யா சூசை,

மாதா தயவில் இங்கே நானும் உன் மாமாவும் சுகம். நீ செய்து வைத்துவிட்டுப் போன ரேடியோப் பெட்டிக்குத்தான் சுகமில்லாமல் இருந்தது. அதுவும் இப்போது தேறிவிட்டது. பின்னே அத்தை எதற்கு இத்தனை பெரிய காகிதத்தில் இரண்டு பக்கமும் நெருக்கி எழுதுகிறாள் என்று கேட்பாய். பெட்டி தேறிய பிறகுதான் எனக்குக் குழப்பம் கூடிப்போயிற்று. அது கொதித்துக்கொண்டிருந்த வரைக்கும் மாமா வீட்டோடு இருந்தார். சூடு தணிந்த நாளிலிருந்து கடற்கரைக்குப் போய்ச் சங்கு குளிக்கிற தோணியையே சுற்றிச் சுற்றி வருகிறார். தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, இந்த வருசம் கடலில் இறங்குகிறவர்களோடு மாமாவையும் சேர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். இரண்டு காதும் போன மனுசன், தலை நரைத்த மனுசன். இன்னொரு தடவை ஆழத்துக்கு முங்கினால் மேலே வருவது நிச்சயமில்லை என்று டாக்டர் சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய். நீ ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்துதான் உன் கல்யாணத்துக்கு வருவாய். தோணி கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே இறங்கிவிடும். அதனால் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். கொழும்பில் உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். இருந்தாலும் பாதியில் மடித்து வைத்துவிடாமல் படி, எய்யா.

முதலில் உன் கேள்வி ஒன்றுக்கு நான் தப்பாகப் பதில் எழுதிவிட்டேன். "பெட்டிக்குள் ஈரம் ஏதும் பட்டதா?" என்று இரண்டு கடிதத்தில் கேட்டிருந்தாய். ஒரு சொட்டுக்கூடப் படவில்லை என்று இரண்டு தடவையும் எழுதினேன். சத்தியமாக எனக்கு அது பொய்யாகத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இதை வாய்விட்டுப் படிக்காதே.

ஐப்பசி மழை பிடித்த சமயம் அது. ஒருநாள் பகலில் வீட்டுக்குள் மெழுகு உருகுகிற வாசனை வந்தது. பெட்டி மாதா சுரூபம் இருக்கிற பலகைக்குக் கீழேதான் இருக்கிறது, உனக்குத் தெரியும். அங்கே வைத்தால்தான் அதில் நல்ல வார்த்தையாக வரும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்து வைத்தேன். அதனால் சுரூபத்துக்கு ஏற்றிய மெழுகுதிரிதான் வழிகிறது என்று நினைத்து அணைத்தேன். அணைத்த பிறகும் வாசனை போகவில்லை. மறுநாள் திரியே ஏற்றவில்லை, அப்போதும் வந்தது. மாதாவே ஏதோ சொல்ல வருகிறாள் என்று முழங்காலில் நின்று ஒரு செபமாலை முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்து எழும்பும்போது ஒரு கையைப் பெட்டியில் ஊன்றினேன். ஐயோ என்று கத்திவிட்டேன். அடுப்பில் காய்ந்த தோசைக்கல் மாதிரி இருந்தது. மாமா ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நான் கத்தியது அவருக்கு எப்படிக் கேட்கும்?

நான் உனக்கு எழுதினேன். நீ பதில் எழுதினாய். அங்கேதான் என் குழப்பம் தொடங்கியது. "அத்தை, எல்லாச் சூடும் கெட்ட சூடு இல்லை" என்று ஆரம்பித்திருந்தாய். கண்ணாடிக் குமிழ் மாதிரி இருக்கிற வால்வு சுட்டால் பயப்படாதே, அது சுட்டால்தான் வேலை செய்யும். டிரான்ஸ்பார்மர் என்கிற அந்தக் கருப்பு இரும்புக் கட்டி வெதுவெதுப்பாக இருக்கலாம், கையை வைக்க முடியாமல் போகக் கூடாது. அடியில் இருக்கிற சாயம் பூசின குச்சி கருகக் கூடாது. எழுதின உனக்கு இதெல்லாம் லேசாக இருந்திருக்கும். படித்த எனக்குத் தலை சுற்றியது. சுட வேண்டியது எது, சுடக் கூடாதது எது, சுட்டாலும் எதுவரை சுடலாம்? நீ சின்னதில் காய்ச்சலில் கிடந்தபோது புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பேன். சுட்டால் காய்ச்சல், சுடாவிட்டால் இல்லை. பிள்ளைக்கு ஒரே சூடுதான். இந்தப் பெட்டிக்கு உறுப்புக்கு ஒரு சூடு வைத்திருக்கிறாயே! நல்ல சூடு உள்ள வால்வைத் தொட்டு விரலில் கொப்புளம் போட்டுக்கொண்டு, இதுதான் சீக்குப் பிடித்தது என்று முதலில் அதைத்தான் கழற்றி வைத்தேன். பெட்டி ஊமையாகிவிட்டது. மாமா எழுந்து போய் வாசலில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே திரும்ப மாட்டிவிட்டேன்.

கருப்புக் கட்டிக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். கையை அதன்மேல் வைத்துக்கொண்டு மாதாவுக்கு ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லிப் பார்ப்பேன். முழு மந்திரமும் சொல்லி முடிக்கிற வரை கை தாங்கினால் நல்ல சூடு. பாதியில் எடுத்துவிட்டால் கெட்ட சூடு. அந்த நாட்களில் பாதியைத் தாண்டவே இல்லை. அவசரமாகச் சொல்லிப் பார்த்தேன். அது பாவம் என்று விட்டுவிட்டேன்.

நீ சொன்னதை எல்லாம் செய்தேன். நான் பின்னிப் போட்டிருந்த மேல்துணியை எடுத்தேன். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தேன். அடியில் காற்றுப் போக நாலு மூலைக்கும் செங்கல் துண்டு கொடுத்தேன். பின்பக்கத்து அட்டையைக் கழற்றினேன். ஓலை விசிறியால் விசிறக்கூடச் செய்தேன். சூடு தணியவில்லை, நாளுக்கு நாள் ஏறியது. கடைசியில் நீ, இரண்டு வால்வுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கண்டன்சர் கசிகிறதோ என்று சந்தேகமாயிருக்கிறது என்று எழுதினாய். அது காவல்காரன் மாதிரி, ஒரு பக்கத்துக் கரண்டை மறுபக்கம் விடாமல் தடுக்க வேண்டியது. அவன் தூங்கிவிட்டால் கடைசி வால்வு ஓயாமல் இழுத்து இழுத்து உழைக்கும், பெட்டி முழுவதும் கொதிக்கும் என்று விளக்கியிருந்தாய். அதுவரை நீ எழுதியதில் எனக்கு முழுதாகப் புரிந்தது அது ஒன்றுதான். புதுக் கண்டன்சரைக் கப்பலில் வந்த நம் தெருப் பையன் கையில் கொடுத்தும் அனுப்பினாய். நல்ல பிள்ளை.

அதை ஈயம் உருக்கிப் பற்ற வைக்க யார் இருக்கிறார்கள்? நீ வயரிங் வேலை பார்த்த இடத்துக்காரர்கள் எல்லாம் மில்லில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் யோசித்துப் பார்த்து, நம் நகைக்காரப் பத்தரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உன் கல்யாணத்துக்குத் தாலி உருக்கப் போகிறவரும் அவர்தான். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, நெருப்புச் சட்டியும் ஊதுகுழலுமாக வந்து உட்கார்ந்தார்.

"தங்கத்துல பத்த வைக்கிற கைய, இந்த ஈயத்துல வைக்கச் சொல்லுதியே தங்கச்சி. சாமிக்கே அடுக்குமா?"

"அடுக்கும் அண்ணாச்சி. அந்தோணியாருக்கு ஒரு திரி ஏத்துதேன் உங்க பேருல."

"எனக்கு அந்தோணியார் எதுக்கு? முருகன் இருக்கான். காப்பிய ஏத்து போதும்."

கரண்டை எடுத்த உடனே கை வைக்காதே, உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும் என்று நீ எழுதியிருந்ததை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "கோபக்காரப் பொம்பள மாதிரின்னு சொல்லு" என்றார். நான் காப்பியில் சீனியைக் குறைத்தேன். நீ எழுதினபடி நேரம் விட்டு, பெட்டியைக் கவிழ்த்தார். கவிழ்த்தவர் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதென்ன தங்கச்சி? ரேடியோவா உப்பளமா?"

கம்பியெல்லாம் வந்து சேருகிற அந்தப் பலகை முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. செம்புக் கம்பி பச்சையாகக் கசடு பிடித்திருந்தது. பத்தர் நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்பேதான்" என்றார்.

"கடக்காத்து அண்ணாச்சி. நம்ம ஊருல பூட்டுக்கே உப்புப் பிடிக்கும்."

"கடக்காத்து சொட்டுச் சொட்டாவா வரும்? இந்தா பாரு, மேலேருந்து விழுந்த தடம். இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு. எவனோ எச்சித் துப்புன மாதிரி."

அந்த நிமிசம்தான், எய்யா, எனக்கு உறைத்தது. பெட்டி முதல் தடவை சுட்ட அன்றே நான் தீர்த்தக் குப்பியை எடுத்துவிட்டேன். கோயிலில் மந்திரித்துக் கொண்டுவந்த தீர்த்தம். உனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் தெளிப்பேனே, அதே குப்பி. காய்ச்சல் கண்ட எதற்கும் அதைத்தான் தெளித்துப் பழக்கம். பெட்டியின் பின்பக்கத்து அட்டையை விலக்கி உள்ளேயே நன்றாகப் படும்படி தெளித்தேன். மறுநாள் இன்னும் சுட்டது. சீக்கு முற்றுகிறது என்று இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தெளித்தேன். ஒரு தடவை கையில் சுரீர் என்று அடித்தது. பேய்தான் அடிக்கிறது, விடக் கூடாது என்று அன்றைக்கு இரண்டு வேளை தெளித்தேன். தீர்த்தம் மந்திரிக்கும்போது பங்குச் சாமியார் அதில் உப்புப் போடுவார் என்பது எனக்குத் தெரியாததா? ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து பார்க்கிறேன். ஆனால் நீ ஈரம் பட்டதா என்று கேட்டபோது எனக்கு மழைத் தண்ணீர் நினைவு வந்தது, ஓட்டு ஒழுக்கு நினைவு வந்தது, மாமா காப்பியைச் சிந்தினாரோ என்றுகூட நினைத்துப் பார்த்தேன். தீர்த்தம் நினைவுக்கே வரவில்லை. அது ஈரமா, எய்யா? அது தீர்த்தம். அதனால் ஒரு சொட்டும் படவில்லை என்று எழுதினேன். நீ பாவம், கொழும்பில் உட்கார்ந்துகொண்டு மண்டையை உடைத்துக்கொண்டாய்.

பத்தர் நகை துடைக்கிற பிரஷை ஸ்பிரிட்டில் தோய்த்துப் பலகை முழுக்கச் சுத்தமாக்கி, பழைய கண்டன்சரை எடுத்துவிட்டுப் புதியதைப் பற்ற வைத்தார். நான் அன்று சாயங்காலமே கோயிலுக்குப் போய்ச் சாமியிடம் கேட்டேன். தீர்த்தம் கெடுதல் செய்யுமா என்று கேட்கவே நாக்குக் கூசியது. சாமி வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று அப்புறம்தான் புரிந்தது.

"அம்மா, தீர்த்தம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெட்டி ஞானஸ்நானம் வாங்கவில்லையே" என்றார். "இனிமேல் அதற்கு நீங்கள் வேண்டிக்கொள்ளுங்கள், போதும். தெளிக்க வேண்டாம்."

எனக்கு இன்னும் தெளியவில்லை. தீர்த்தத்தில் உள்ள புண்ணியம் பெட்டிக்குள் எங்கே போயிற்று, உப்பு மட்டும் ஏன் தங்கியது? நீ படித்தவன், உனக்கு ஏதும் தோன்றினால் எழுது. சாமியிடம் திரும்பக் கேட்க வெட்கமாயிருக்கிறது.

எப்படியோ, பெட்டி தேறியது. கருப்புக் கட்டிமேல் கையை வைத்து முழுப் பிரியதத்தமும் சொன்னேன், கை நோகவில்லை. மெழுகு வாசனை இல்லை. பாட்டு முன்னைவிடத் துல்லியமாக வந்தது. நீ எழுதினபடி, திருச்சி ரேடியோ நிலையத்துக்காரன் பாட்டை முடித்துக்கொண்டு மூடியதும் நானும் சுவிட்சை அணைத்துவிடுவேன். திரும்ப அவன் சாயங்காலம் தொடங்கும்போது போடுவேன். "நடுவில் பெட்டி ஆறட்டும், யாரும் பேசாத நேரத்தில் சும்மா எரிய விடாதே" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தாயே. அதை வேதவாக்காகச் செய்தேன். அன்றிலிருந்துதான் மாமா பிடிகொடுக்காமல் போனார்.

சுவிட்சை அணைத்த உடனே ஹெட்போனைக் கழற்றி வைப்பார். துண்டை உதறித் தோளில் போடுவார். கடற்கரைக்குப் போய்விடுவார். பொழுது சாய்ந்துதான் வருவார். வேட்டியெல்லாம் தாரும் உப்புமாக. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாள் இந்தப் பெட்டிதானே அவரைக் கட்டிப் போட்டிருந்தது? நீ பட்டாளத்துக்காரர்கள் கழித்துப் போட்ட சாமானில் இதைச் செய்து முடித்து, முதல் நாள் அவர் தலையில் ஹெட்போனை மாட்டினாய். கேட்கிறது என்று கையைத் தூக்கினார், நான் அழுதுவிட்டேன். அதற்கு முன்னால் சங்குக் காலம் வந்தால் கூண்டில் அடைத்தது மாதிரி நடந்துகொண்டிருந்த மனுசன், அதன் பிறகு கடல் பக்கமே திரும்பவில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிடவும் நான் அந்த ஹெட்போன் வயரைத்தான் ஒரு இழுப்பு இழுப்பேன், கண்ணைத் திறப்பார். பாட்டிலும் செய்தியிலும் மனசு ஒட்டிவிட்டது, இனிக் கடலை மறந்துவிடுவார் என்று நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பெட்டி முன்னைவிட நன்றாகப் பாடுகிறது. அவர் போகிறார். ஏன்?

போன வியாழக்கிழமை சம்மாட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். மாமா அப்போது வாசலில்தான் நின்றார். சம்மாட்டி அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துக் கத்தினார், "என்ன மாப்பிள, ஒடம்பு தாங்குமா?" மாமா தலையை ஆட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, செவுட்டு மனுசன எங்க கூட்டிட்டுப் போறிய? கரையில நின்னு கூப்புட்டாலே கேக்காது."

"கடலுக்கடியில எவனுக்குளா காது வேணும்? அங்கன என்ன பூசையா நடக்கு?"

"கயித்த யாரு பிடிப்பா? எந்தம்பியா எந்திரிச்சு வரப் போறான்?"

"எம் மவன் பிடிப்பான். அவன் என்ன கையில்லாதவனா?"

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எய்யா. நம் கரையில் முங்குகிறவனின் கயிறு அவன் பெண்டாட்டி கூடப் பிறந்தவன் கையில்தான் இருக்கும். அக்காளையோ தங்கச்சியையோ தாலியறுக்க விட அவனுக்கு மனசு வராது என்பதால்தான் அந்த வழக்கம். என் தம்பி, உன் அப்பன், இருந்தவரை மாமாவின் உயிர் அவன் கையில் இருந்தது. இரண்டு காதிலும் ரத்தத்தோடு மாமாவை மேலே இழுத்துப் போட்டதும் அவன்தான். அவன் காய்ச்சலில் போன பிறகு, உன்னைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்கு வந்த அன்றே, இனி வேறொருவன் கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டேன் என்று மாமா சொன்னார். அந்தச் சொல்லில்தான் இத்தனை வருசம் ஓடியது. இப்போது சம்மாட்டி தன் மகன் பிடிப்பான் என்கிறார், மாமா மறுத்துப் பேசாமல் நிற்கிறார்.

சம்மாட்டி போனதும் நான் மாமாவை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். பெட்டியைப் போட்டேன். ஏதோ பாட்டு வந்தது. ஹெட்போனைக் காட்டி, இது இருக்கும்போது அங்கே உமக்கு என்ன வேலை என்று கையாலும் வாயாலும் கேட்டேன். அவர் பதில் சொன்னது தெருவுக்கே கேட்டிருக்கும். தன் சத்தம் தனக்குக் கேட்காதே.

"அவன் என்ன பாடுதான்னு எனக்கு எங்க கேக்கு? கொசு கத்துத மாதிரி இருக்கு. ஒரு எழவும் வெளங்கல."

"பின்ன இத்தன நாளும் கண்ண மூடிட்டு என்னத்தக் கேட்டீரு?"

"அவன் போன பொறவு வருமே, அது."

எனக்குப் புரியவில்லை. அவரே குமிழைத் திருப்பினார். யாரும் பேசாத இடமாகப் பார்த்து நிறுத்தி, சத்தத்தைக் கூட்டி, ஹெட்போனை என் தலையில் மாட்டினார். வெறும் இரைச்சல். இடைக்கிடை படபடவென்று பொரி பொரிவது மாதிரி ஒரு சத்தம், தூரத்து மழையின் இடிச் சத்தமாக இருக்கும். நான் கழற்றப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டார்.

"கேக்கா?"

"இரைச்சல்தான கேக்கு."

"கால் மண்ணுல தொட்டதும் இதான் கேக்கும். பாறை கெடக்குத பார்ப் பக்கம் போனா இப்படித்தான் பொரியும். மேல இருக்கவனுக்கு ஒருத்தனுக்கும் தெரியாது." அப்புறம் கொஞ்சம் மெதுவாக, அவர் அளவுக்கு மெதுவாக, "நீ இத அணைச்சிட்டா நான் எங்க போவேன்?" என்றார்.

பெட்டி அவரைக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நம் வீட்டுக்குள், மாதா பலகைக்குக் கீழே, தினமும் கடலுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்திருக்கிறார். நான் பூசைக்குப் போன பிறகும், சந்தைக்குப் போன பிறகும், நிலையம் மூடினாலும் பெட்டியை அணைக்காமல் கேட்டிருக்கிறார். நாள் முழுக்க அது ஏன் கொதித்தது என்பதற்கு உப்போடு சேர்ந்து இதுவும் ஒரு காரணம். உனக்கு யார் இதைச் சொல்வார்கள்? கூடவே இருக்கிற எனக்கே தெரியவில்லையே. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவருக்குப் பிடித்த மீன் எது, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் எல்லாம் தெரியும் என்றிருந்தேன். எய்யா, உன் வீட்டுக்கு ஒருத்தி வருவாள். அவள் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதில் அவளுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டுவிடு. நீயாக ஒன்றை நினைத்துக்கொண்டு அதற்காக மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்காதே. எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான். அதுவும் போன வியாழக்கிழமைதான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்து நான் சுவிட்சை அணைப்பதில்லை. காலையில் போட்டால் அவர் படுக்கிறவரை எரிகிறது. பாட்டு வந்தால் அவரே குமிழைத் திருப்பி, ஆள் இல்லாத இடத்துக்குப் போய்விடுகிறார். அவர் கடற்கரைக்குப் போகவில்லை. நேற்றுச் சம்மாட்டி ஆள் அனுப்பினார், சாமான் ஏற்றுகிறோம், வந்து கயிற்றைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று. நான் வயரை இழுத்தேன். மாமா கண்ணைத் திறந்து வந்தவனைப் பார்த்தார். "நாளைக்குப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பக் கண்ணை மூடிக்கொண்டார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை; நாளைக்கு என்றுதான் சொன்னார். அந்த ஒரு நாள்தான் இப்போது என் கையில் இருக்கிறது. ஆனால் பெட்டி மறுபடியும் சுட ஆரம்பித்திருக்கிறது. உப்பு இல்லை, நான் குப்பியைத் தொடவே இல்லை, சத்தியம். நாள் முழுக்க எரிகிற சூடாகத்தான் இருக்க வேண்டும். இது நல்ல சூடா கெட்ட சூடா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அணைத்தால் பெட்டி பிழைக்கும், அவர் போய்விடுவார். அணைக்காவிட்டால் பெட்டி எரிந்துபோகும், அப்போதும் அவர் போய்விடுவார். இந்த இரண்டுக்கும் நடுவில் விசிறியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது முந்தாநாள் உன் கடிதம் வந்தது. கல்யாணத்துக்கு வரும்போது அத்தைக்கு ஒரு பரிசு என்று எழுதியிருந்தாய். புதிதாக ஒரு வால்வும் சில சாமானும் சேர்த்துப் பொருத்தினால், நிலையம் பேசாத நேரத்தில் பெட்டி தானாகவே வாயை மூடிக்கொள்ளும், மாமா காதுக்கு அந்தப் பாழாய்ப்போன இரைச்சல் தொந்தரவு இருக்காது என்று சந்தோசமாக எழுதியிருந்தாய். நீ அவர்மேல் வைத்திருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா? படித்ததும் கடிதத்தைச் சேலைக்குள் சொருகிக்கொண்டேன். அவருக்கு வாசிக்கத் தெரியாததற்கு முதல் தடவையாகச் சந்தோசப்பட்டேன்.

எய்யா சூசை, அந்தச் சாமானை வாங்காதே. வாங்கியிருந்தால் கடைக்காரனிடம் திரும்பக் கொடுத்துவிடு. பாட்டு போகட்டும், செய்தி போகட்டும், தேவையானால் அதற்குள்ள வால்வை எல்லாம்கூடக் கழற்றிவிடலாம். இரைச்சல் மட்டும் நிற்காமல் வர வேண்டும். நாள் முழுக்க எரிந்தாலும் தாங்குகிற மாதிரி இதற்கு என்ன செய்யலாம், பெரிய டிரான்ஸ்பார்மர் வைக்கலாமா, எந்த வால்வை எடுத்தால் சூடு குறையும், பத்தர் கையால் செய்யக் கூடியதாக எழுது. அடுத்த கப்பலிலேயே எழுது. தோணி இறங்குகிற வரைக்கும், அவர் தினமும் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லுகிற வரைக்கும், இந்தப் பெட்டி உயிரோடு இருந்தால் போதும்.

அன்புள்ள அத்தை